சூசை மாமாவின் ரத்தம்

முதலில் கெட்டுப்போனது ஜீப் என்றுதான் நினைத்தோம். என் வீட்டுக்காரர் அந்தோணி வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஜீப் ஓட்டுகிறவர். மேலே இருந்து சாமை, தினை மூட்டைகளும் ஆட்களும் இறங்குவார்கள். கீழே இருந்து அரிசி, சிமெண்ட், கல்யாண வீட்டுச் சாமான் எல்லாம் ஏறும். ஒருநாள் மலைப்பாதை வளைவில் வண்டியை ஓரங்கட்டி, "கிளட்ச் கருகுது" என்றாராம். வண்டியில் இருந்த யாருக்கும் அந்த வாசனை வரவில்லை. அவருக்கு மட்டும் மூக்கைத் துளைத்திருக்கிறது.

கச்சிராயபாளையம் மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு கிளட்ச் நன்றாக இருக்கிறது என்றார். இவர் கேட்கவில்லை, புது கிளட்ச் பிளேட் போட்டார். பத்து நாள் கழித்து மறுபடி கருகல். அப்புறம் பிரேக், அப்புறம் வயரிங். "வண்டிய வுட்டுட்டு உங்க மூக்கக் கொண்டுபோய் அந்த மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்று நான் கிண்டல்கூடச் செய்தேன். எனக்கு வாய் ஜாஸ்தி. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை, நாள் முழுக்க கத்திக் கத்திப் பழகிவிட்டது.

பிறகுதான் மூளை டாக்டர் சொன்னார், இல்லாத வாசனை வருவதே ஒரு சின்ன வலிப்புதானாம். கை கால் இழுப்பது மட்டும் வலிப்பு இல்லை. மூளையில் வாசனையை அறிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது உரசினால் ரப்பர் கருகும், பிணம் நாறும், சில பேருக்குப் பூ மணக்கும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் சிரிக்காதீர்கள், அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பெரிய வலிப்பு வந்தது வெள்ளிமலை சந்தையில், மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது. வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, அதற்கு மட்டும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இன்னொரு டிரைவர் எங்கள் ஜீப்பிலேயே அவரைப் படுக்கவைத்துக் கீழே இறக்கினார். அத்தனை வளைவிலும் அவர் தலையை என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமலே, "டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று கவரை நீட்டினார்.

அங்கிருந்து சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வந்திருப்பது க்ளையோமா என்றார்கள். மூளையில் நரம்புச் செல்களுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிற வேறு செல்கள் இருக்கின்றன. அவை கட்டுக்கடங்காமல் பெருகினால் அதுதான் இது, மூளையிலேயே பிறக்கிற புற்றுநோய். கட்டி என்றதும் நான் உருண்டையாக ஒன்றைத்தான் நினைத்தேன், பிடுங்கி எறிந்துவிடலாம் என்று. இது சேலையில் பட்ட எண்ணெய்க்கறை மாதிரி, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாது. அதுவும் பேச்சும் ஞாபகமும் இருக்கிற பக்கம். "முழுசா எடுத்தா பேச்சு போயிடும். கொஞ்சம் எடுத்து என்னன்னு பார்ப்போம், மீதிக்கு கரண்ட்டும் மாத்திரையும்" என்றார் சேலத்து டாக்டர். கரண்ட் என்று எல்லாரும் சொல்வது கதிர்வீச்சைத்தான்.

ஆப்பரேஷனுக்கு உளுந்தூர்பேட்டை பக்கம் களமருதூரிலிருந்து அவர் அண்ணன் சூசை வந்தார். எனக்கு மூத்தார், நான் மாமா என்று கூப்பிடுவேன். நெல் பயிர் வைக்கிறவர். மாமனார் போன பிறகு தம்பிக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தது, பெண் பார்த்தது, ஜீப்புக்கு முன்பணம் கட்டியது எல்லாம் அவர்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு இவர், இவருக்கு அண்ணன், எங்கள் குடும்பம் அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மாமா ஒரு நிமிஷம் உட்காரமாட்டார். எல்லா நர்சுக்கும் வணக்கம் வைப்பார், எனக்கு டீ வாங்கி வந்து நான் குடித்து முடிக்கிறவரை டம்ளருக்காகக் காத்து நிற்பார்.

எடுத்த கட்டியில் ஒரு துணுக்கு அந்த ஆஸ்பத்திரி லேபுக்குப் போனது. இன்னொரு துணுக்கைத் தனியாகச் சின்ன பாட்டிலில் போட்டு, சென்னையில் ஆராய்ச்சி செய்கிற இடத்துக்குத் தேவைப்படலாம் என்று எடுத்துவைத்திருப்பதாக டாக்டர் என்னிடம் சொன்னார். அது அவர்களிடம்தான் இருக்கிறது என்று நான் இருந்துவிட்டேன்.

கரண்ட் வைத்தார்கள். முடி கொட்டியது, வாந்தி எடுத்தார், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் கொஞ்ச காலம் நன்றாக இருந்தார். ஜீப்பைத் துடைத்து நிறுத்துகிற அளவுக்குத் தேறினார். நான் நிஜமாகவே நம்பிவிட்டேன். மறுபடி ஒரு காலையில் சாப்பிட உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்பதற்கு, "அந்த... சாவிய குடு" என்றார். நான் ஜீப் சாவியை எடுத்து வந்து கொடுத்தேன். அதை வாங்கி வாயருகே கொண்டுபோய்விட்டு, சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து அழுதார்.

வளர்ந்திருந்தது. இனிமேல் கத்தி வைக்க முடியாது என்றார் சேலத்து டாக்டர். சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

சென்னையில் எங்களைப் பார்த்தவர் ஒரு டாக்டரம்மா, என்னைவிடச் சின்னவர். அவர்கள் செய்வதற்கு மல்டி ஓமிக்ஸ் என்று பெயர். சூசை மாமா அதை ஓமம் என்று பிடித்துக்கொண்டார். கடைசிவரை எங்களுக்கு அது ஓம டெஸ்ட்தான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா இப்படி விளக்கினார்: "உங்க சமையல் கூடத்துல என்ன தப்பு நடக்குதுன்னு கண்டுபிடிக்கணும்னு வைங்க. சமையல் குறிப்பு இருக்கிற புத்தகத்தை மட்டும் பார்த்தா பத்தாது. அது ஜீன். இன்னைக்கு எந்தக் குறிப்பைப் பிரதி எடுத்து அடுப்புக்கிட்ட ஒட்டியிருக்காங்க, அது ஆர்.என்.ஏ. உண்மையில என்ன வெந்துச்சு, அது புரதம். என்ன மிச்சம் விழுந்துச்சு, சாக்கடையில என்ன ஓடுது, அதெல்லாம் உடம்புல இருக்கிற சின்னச் சின்ன ரசாயனம். இது எல்லாத்தையும் ஒண்ணா வெச்சு கம்ப்யூட்டர்ல பார்ப்போம். ஒண்ணுல தெரியாதது இன்னொண்ணுல தெரியும்."

எனக்குப் புரிந்தது. "பாத்தா மருந்து கெடைக்குமா?" என்றேன்.

"இவரோட கட்டி எதைப் பிடிச்சுக்கிட்டு வளருதுன்னு தெரிஞ்சா, அதைத் தடுக்கிற மாத்திரை ஏதாவது இருக்கான்னு தேடலாம். இருக்கும்னு சொல்லலை."

தேடலாம் என்ற சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். அந்த வராந்தாவில் எல்லாருமே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். கை நடுக்கத்துக்கு வந்தவர்கள், ஞாபகமறதிக்கு வந்தவர்கள், எங்களைப் போலத் தலையில் புற்று வந்தவர்கள். ஒரே ஆராய்ச்சி, ஒரே வரிசை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் புருஷன் ரிட்டையர்டு வாத்தியார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அந்தம்மாவைப் பார்த்து, "நீங்க யாரோட வந்திருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். "உங்களோடதான்" என்று அந்தம்மா ஒவ்வொரு தரமும் பதில் சொல்வார். எங்களுக்கு இட்லியில் பாதியைப் பிட்டுக் கொடுத்ததும் அந்தம்மாதான்.

ஆராய்ச்சிக்குக் கட்டியின் துணுக்கு வேண்டும் என்றார்கள். லேபில் இருந்தது நோயைப் பார்க்க வெட்டி வெட்டியே தீர்ந்துவிட்டதாம். தனியாக எடுத்த பாட்டில் எங்கே என்று சேலத்துக்குப் போன் போட்டேன். "உங்க ஆளுங்ககிட்ட அன்னைக்கே குடுத்துட்டோமேம்மா" என்றார் நர்ஸ். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மாமா, ஆப்பரேஷன் அன்னிக்கி நர்சம்மா ஒரு பாட்டில் குடுத்துதா?"

"ஆமா. பத்திரமா வெக்கச் சொல்லிச்சு."

"வெச்சிருக்கீங்களா?"

"இன்னாம்மா இப்பிடிக் கேக்கற. பத்திரமாத்தான் வெச்சிருக்கேன்."

"எங்க?"

"அப்பாகிட்ட."

மாமனார் செத்துப் பல வருஷம் ஆகிறது. எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாமனாருக்குச் சர்க்கரையில் ஒரு காலை எடுத்தார்கள். அந்தக் காலை வெள்ளைத்துணியில் சுற்றி, ஜெபம் சொல்லி, களமருதூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிறகு அவரையும் அதே இடத்தில் வைத்தார்கள். கடைசி நாளில் எழும்போது மனுஷன் முழு உடம்போடு எழ வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தம்பியின் மூளைத் துணுக்கையும் சூசை மாமா அப்படியே அப்பாவின் கால்மாட்டில் புதைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்.

"உங்க தம்பி முழுசா எழுந்திருக்கறது அப்புறம் இருக்கட்டும், இப்ப அவரு உசுரோட இருக்கணுமா வாணாமா?" என்று நான் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதே உளுந்தூர்பேட்டை பஸ் ஏறப் போனார்.

பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டு அவரே தோண்டியிருக்கிறார். கடப்பாரை பாட்டிலில் பட்டுவிடக் கூடாதே என்று கடைசியில் கையாலேயே மண்ணை அள்ளினாராம். மறுநாள் பாட்டிலைத் தூக்குவாளிக்குள் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார். விரல் நகமெல்லாம் செம்மண். மூடி விரிசல் விட்டிருந்தது. உள்ளே ஊற்றியிருந்த மருந்துத் தண்ணீர் போய், சேறும் மழைத்தண்ணீரும் இறங்கியிருந்தது. டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திட்டவில்லை. "முயற்சி பண்றோம்" என்றார். நாலைந்து நாளில் கூப்பிட்டு, "உள்ள இருக்கிறதெல்லாம் உடைஞ்சுபோச்சு, படிக்க முடியலை" என்றார். மாமா அன்று முழுக்க சாப்பிடவில்லை. எனக்கும் அவரைச் சாப்பிடச் சொல்லத் தோன்றவில்லை.

மிச்சம் இருந்த வழி முதுகுத்தண்டு நீர். மூளையைச் சுற்றி ஓடுகிற அதே நீர்தான் முதுகுக்கும் இறங்குகிறது, கட்டியிலிருந்து உதிர்கிற தூசி அதில் மிதக்கலாம். தலைக்குள் அழுத்தம் ஜாஸ்தியாக இருந்தால் எடுக்கக் கூடாதாம், அதற்காக முதலில் இன்னொரு ஸ்கேன். அப்புறம் இவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மடக்கி, இடுப்புக்கு மேலே ஊசி. நான் முன்னால் உட்கார்ந்து அவர் கழுத்தையும் காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அசையக் கூடாது என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஆனால் என் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நீர் தண்ணீரைப் போலவே சொட்டுச் சொட்டாக விழுந்தது. கூடவே ரத்தமும் எடுத்தார்கள்.

அப்புறம் காத்திருப்பு. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன், கேஸ் சிலிண்டர்காரனாக இருக்கும். இதற்குள் இவருக்கு வலது கை விழுந்துவிட்டது. சட்டைக்குப் பட்டன் நான் போடுவேன், சட்டையை மாமா துவைப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு குறைந்துபோயிருந்தது. ஆனால் இவரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டுமென்றால் சொல்லாமலே ஆளுக்கொரு பக்கம் போவோம்.

கூப்பிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம், இவர் சக்கர நாற்காலியில். நீரில் கட்டியின் தூசி போதுமான அளவு இல்லை என்றார் டாக்டரம்மா. ஆனால் ரத்தத்தில் ஒன்று தெரிகிறதாம். உடைந்த ஜீனைப் பழுது பார்க்கிற ஜீன் ஒன்று நமக்கெல்லாம் இருக்கிறது, இவருக்கு அதில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதையொட்டிய ஒரு புரதமும் குறைவு, சில ரசாயனங்களும் வழக்கத்துக்கு மாறாக இருக்கின்றன. பழுது பார்க்கிற வேலை நிஜமாகவே கெட்டிருந்தால் அதற்கென்று ஒரு மாத்திரை உண்டு, வேறு புற்றுநோய்களுக்குக் கொடுப்பது, இவருக்கும் கொடுத்துப் பார்க்கலாம்.

"அப்ப குடுங்க" என்றேன்.

"இந்த மாற்றத்தை இதுக்கு முன்னாடி நாங்க யாருகிட்டயும் பார்க்கலைம்மா. உங்க பக்கத்து ஜனங்களோட டேட்டா எங்ககிட்ட ரொம்பக் கம்மி. இது நோயா, இல்ல குடும்ப வாகான்னு தெரியலை. சில குடும்பத்துல மூக்கு நீளமா இருக்கில்லையா, அந்த மாதிரி ஒண்ணுமில்லாததாவும் இருக்கலாம். கூடப் பிறந்தவர் ரத்தத்தைப் பார்த்தா ஓரளவு தெரியும். அண்ணனுக்கு இது இல்லாம இருந்தா நமக்கு நம்பிக்கை. அவருக்கும் இருந்து, புரதம், ரசாயனம் எல்லாம் தம்பியோடது மாதிரியே இருந்துட்டா, அவர் இந்த வயசுக்கு இவ்வளவு திடமா இருக்காரே, அப்ப இது பெரும்பாலும் குடும்ப வாகு. அதை நம்பி அந்த மாத்திரையைக் கொடுக்க முடியாது. அது கடுமையான மாத்திரை."

சூசை மாமா அவர் பேசி முடிக்கும் முன்பே சட்டைக் கையை மடித்துவிட்டார். "எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றார். ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே ரத்தம் என்பார்கள். நான் அன்றைக்குக் கோயிலில் முழங்கால் போட்டு, ஆண்டவரே இவர்கள் ரத்தம் வேறு வேறாக இருக்கட்டும் என்று ஜெபித்தேன். உலகத்தில் வேறு எந்தப் பெண்டாட்டியும் இப்படி ஒரு ஜெபம் செய்திருக்கமாட்டாள். மாமாவும் அதையேதான் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்.

முடிவு வரும்வரை இவரை அங்கேயே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். மாமாவின் ரத்தம் எடுத்த அன்றிலிருந்து இவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வார். கஞ்சியை வழியவிடுவார். நோய் முற்றுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று வார்டில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

முடிவு சொல்ல என்னையும் மாமாவையும் மட்டும் உள்ளே அழைத்தார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் முகமே சொல்லிவிட்டது. அதே எழுத்து, அதே புரதம், அதே ரசாயனங்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் வித்தியாசமே இல்லை.

"இன்னொரு வாட்டி எடுங்க டாக்டர்" என்றார் மாமா. "அன்னிக்கி நான் டீ குடிச்சிட்டு வந்துட்டேன். அதுல மாறியிருக்கும்."

"டீ குடிச்சா இது மாறாதுங்க ஐயா."

"வெறும் வயித்துல வர்றேன். நாளைக்கே வர்றேன்."

"மாறாதுங்க ஐயா."

மாமா தன் கையைத் திருப்பி, ஊசி குத்திய இடத்தைப் பார்த்தார். "நான் நல்லா இருந்துகினு இருக்கறதுதான் அவனுக்கு வெனையாப் போச்சு" என்றார். அப்படிச் சொல்லக் கூடாது என்று டாக்டரம்மா ஏதேதோ சமாதானம் சொன்னார். நான் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டியும் கழனியில் இறங்கி வேலை செய்கிற அந்த உடம்பைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. பாட்டிலைப் புதைத்ததற்குக்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. வேறு ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். வீக்கத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்.

வெளியே வந்தோம். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இடது கையை நீட்டி மாமாவின் சட்டையைப் பிடித்தார். வார்த்தைக்காக வாய் அலைந்தது. "அண்ணனுக்கு... அண்ணனுக்கு..." என்று அதிலேயே நின்றார். நான் குனிந்து, "இன்னாங்க, அண்ணனுக்கு இன்னா?" என்றேன்.

"அண்ணனுக்கும்... கட்டியா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அந்த அறையில் டாக்டரம்மா பேசியதில் இவருக்கு எட்டியது, அண்ணனுக்கும் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்பது மட்டும்தான். இத்தனை நாளும் சோற்றை இறக்கவிடாமல் இவர் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

"மாமாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். "எல்லா டெஸ்டும் பண்ணிட்டாங்க. ஒண்ணுமே இல்லியாம். நல்லா இருக்காரு."

அவர் மாமாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரிதாக மூச்சுவிட்டார். கோணிப்போன வாயால் சிரித்தார். மாமா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கேன்டீன் பக்கம் போனார். இட்லி வாங்கி வந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து, சட்னி தொட்டுத் தொட்டு ஊட்டினார். இவர் ஒன்றைக்கூட வழியவிடவில்லை. மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு இன்னொன்று என்று விரலைக் காட்டினார். தனக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்கவே இல்லை.

இப்போது களமருதூரில் மாமா வீட்டில் இருக்கிறோம். மாத்திரையில் வலிப்பு நின்றிருக்கிறது, கொஞ்ச நாளாக அமைதியாக இருக்கிறார். வேளாவேளைக்கு மாமா ஊட்டினால் சாப்பிடுகிறார். இன்னமும் கேட்கவில்லை.